நாலு ஸ்பூன் சர்க்கரை

ஆறு மாதம் என் மனைவியிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. "ஆமா." பசிக்கிறதா என்று கேட்டால் ஆமா. வயிறு நிறைந்துவிட்டதா என்று கேட்டாலும் ஆமா. மின்விசிறியைப் போடட்டுமா, நிறுத்தட்டுமா, இரண்டுக்கும் ஆமா. முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன எதற்கும் முதல் தடவையிலேயே ஆமா போடாதவள் அவள். பக்கவாதம் வந்தபின் வேறெதுவும் சொல்ல வரவில்லை. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று முதல் மாதம் யோசித்தேன். அப்புறம் அதற்கும் தெம்பில்லாமல் போனது.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதைக்கு ஒரு தெரு உள்ளே இருக்கிறது. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கீழ்பென்னாத்தூர் தடத்தில் இருபத்தெட்டு வருடம் "உள்ள போ, உள்ள போ" என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்ததால் வீட்டில் எனக்குப் பேச்சு கம்மி. பேசுவதெல்லாம் அவள்தான். வேலூரில் இருக்கும் மகள் என்ன சமைக்க வேண்டும், நான் எந்தச் சட்டையைத் தூக்கி எறிய வேண்டும், எதிர்வீட்டு மாடு ஏன் மெலிந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் அவளிடம் பேச்சு உண்டு. கொஞ்ச நேரம் வாயை மூடேன் என்று நான் எத்தனை முறை எரிந்து விழுந்திருப்பேன் என்பதை இப்போது நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

அவளுக்குப் பத்து வருடமாகச் சுகர். எங்கள் பக்கத்தில் இந்த நோய்க்கு இரண்டே நிலைதான். ஏறிடுச்சு, இல்லாவிட்டால் இறங்கிடுச்சு. ஏறுவது சத்தமில்லாமல் ஏறும். ஆள் எப்போதும்போல் சமைப்பார், சண்டை போடுவார், பஸ்ஸில் இடம் பிடிப்பார். அதனால் அதைப் பற்றி யாருக்கும் பெரிய பயமில்லை. இறங்குவதுதான் கண்ணுக்குத் தெரியும். வியர்த்துக் கொட்டும், நாக்கு குழறும், ஆள் சரிந்துவிடுவார். வாயில் சர்க்கரையைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்காருவார். ஆகவே எங்கள் தெருவில் எந்தச் சுகர்க்காரர் தள்ளாடினாலும் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும்.

எனக்கு அந்த வைத்தியம் நேரில் பார்த்து மனதில் பதிந்தது. பக்கவாதம் வருவதற்கு முந்தைய வருடம் ஒரு பௌர்ணமியன்று விரதம் என்று பட்டினி கிடந்தாள். மாத்திரையை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டு மலை சுற்றக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். பாதி வழியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பஸ் வந்துடுச்சா?" என்று என்னைக் கேட்டாள். முதுகெல்லாம் நனைந்திருந்தது. டீக்கடைக்கார அம்மா ஓடிவந்து ஒரு பிடி சர்க்கரையை அவள் வாயில் திணித்தாள்.

"சுகர் எறங்கிடுச்சுணா. பயப்படாதீங்க, இப்ப எழுந்துருவாங்க பாருங்க."

சொன்னபடியே எழுந்தாள். கண் தெளிந்ததும், இத்தனை பேர் போகிற வழியில் இப்படியா உட்கார வைப்பீர்கள் என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். மறுநாள் சுகர் டாக்டரிடம் போனோம். விரதத்தன்று மாத்திரை போடக் கூடாது என்று அவளைக் கண்டித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இனிமே இப்படி ஆச்சுன்னா லேட் பண்ணாதீங்க. குத்திப் பாருங்க. கம்மியா இருந்தா உடனே சக்கர குடுங்க" என்றார். நடுவில் இருந்த 'குத்திப் பாருங்க' மட்டும் என் காதில் எப்படி நிற்காமல் போனது என்று தெரியவில்லை. சர்க்கரையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலில் ஒரு டப்பா, டிவி பக்கத்தில் ஒரு டப்பா, அவள் கைப்பையில் ஒரு பொட்டலம். குத்திப் பார்க்கிற மெஷினை மகள் ஏற்கெனவே வாங்கித் தந்திருந்தாள். நல்ல பொருள் வீணாகிவிடக் கூடாதென்று அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

பக்கவாதம் வந்த அன்றும் பௌர்ணமிதான். மதியம் மூன்று மணி இருக்கும். சாயங்காலம் மலை சுற்றப் போக வேண்டுமென்று கூடத்தில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. "என்னாடி?" என்றேன். திரும்பி ஏதோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை. வலது பக்கமாகச் சரிந்து சுவரில் சாய்ந்தாள். எனக்குச் சந்தேகம் என்பதே வரவில்லை. பௌர்ணமி, விரதம், குழறல். சுகர் இறங்கிடுச்சு.

டம்ளரில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டு, தண்ணீர் விட்டுக் கலக்கி எடுத்து வந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இந்தத் தடவை டீக்கடைக்கார அம்மா தேவையில்லை, நானே பார்த்துக்கொள்வேன் என்ற பெருமை. தலையைத் தாங்கிப் பிடித்து ஊற்றினேன். பாதி வாயின் வலது ஓரத்தில் வழிந்தது. இடது கையால் டம்ளரைத் தள்ளினாள். "துப்பாத, முழுங்கு" என்று அதட்டினேன். முழுங்கினாள். புரையேறி இருமினாள். இருமல் நின்றதும் மீதியையும் கொடுத்தேன்.

பிறகு காத்திருந்தேன். பத்து நிமிடம் போனது. போன தடவை வெயிலில் நடந்திருந்தாள், இந்தத் தடவை இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போலிருக்கிறது என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். விசிறினேன். சீப்பை எடுத்து வைத்தேன். முக்கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் வீட்டில்தான் இருந்தார். ஏதோ கேட்க வந்தவர் அவளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணா, வாய் கோணியிருக்குது பாருங்க. அண்ணி, ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை எழுந்தது. வலது கை மடியிலேயே கிடந்தது.

"இது சுகர் இல்லணா. இழுத்துக்கிச்சு. கெளம்புங்க, கெளம்புங்க."

கொல்லைப் பக்கத்து மண் பாதையில் ஆட்டோவை விட்டு, வயல் வரப்போரமாகச் சுற்றி, மூன்று இடத்தில் போலீஸ்காரரிடம் கெஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே ஓர் இளம் டாக்டர் அவள் விரலில் குத்திப் பார்த்தார். நானூற்று இருபத்தெட்டு. அந்த எண்ணை அவர் நர்ஸிடம் சத்தமாகச் சொன்னபோது எனக்கு முதலில் புரியவில்லை. இறங்கியல்லவா இருக்க வேண்டும் என்று வாய்வரை வந்துவிட்டது.

"வாயில ஏதாவது குடுத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"மூணு மணிக்கு ஆச்சுன்னு சொல்றீங்க. இவ்ளோ நேரம் என்னா பண்ணீங்க?"

"பௌர்ணமிங்க. வண்டி கெடைக்கல."

இந்த ஊரில் இந்தப் பதிலை மறுத்துப் பேச ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு வராதவரும் சொல்வார், வேலைக்கு வராதவரும் சொல்வார். டாக்டரும் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். இன்சுலின் போட்டுச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, அடைப்பைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். அதற்குள் மகளும் வேலூரிலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள். டாக்டர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"மூளையில ஒரு எடம் செத்துடுச்சு. அத ஒண்ணும் பண்ண முடியாது. அத சுத்தி இருக்கிற எடம் சாகல, மயங்கிக் கெடக்குது. அதைக் காப்பாத்தத்தான் ஊசி. ஆனா ரத்தத்துல சக்கர இவ்ளோ ஜாஸ்தியா இருந்தா, மயங்கிக் கெடக்குற எடமும் சீக்கிரம் கெட்டுப்போவும். ஊசியால ரத்தக் கசிவு வர்ற பயமும் ஜாஸ்தி. ரெண்டு நாள் பார்க்கணும்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மகள் என் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்கப்பா" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் துணி எடுக்க வீட்டுக்குப் போன மகள், சமையலறைக் குப்பையில் ஒரு தொன்னையைப் பார்த்துவிட்டாள். சர்க்கரைப் பொங்கல் ஒட்டியிருந்த தொன்னை. அதைக் காகிதத்தில் சுற்றி ஆஸ்பத்திரிக்கே கொண்டு வந்தாள்.

"என்னாப்பா இது?"

"பக்கத்துத் தெருவுல அன்னதானம். காலைல குடுத்துட்டுப் போனாங்க."

"அம்மா சாப்டாங்களா?"

"தெரியல. நான் கடைக்குப் போயிருந்தேன்."

அந்தப் பொங்கலைத் தின்றது நான். விரதம் இருப்பவள் எதிரில் தின்ன வேண்டாமென்று சமையலறையில் நின்றபடியே, முந்திரி முதற்கொண்டு வழித்துத் தின்றேன். அவள் அன்று காலையிலிருந்து ஒரு டம்ளர் பாலைத் தவிர எதையும் தொடவில்லை.

மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு நன்றாகத் திரும்பியது. வலது கை, வலது காலில் அசைவில்லை. பேச்சு வரவில்லை. நாங்கள் கூப்பிடுவது தெரிந்தது, கண் எங்களைத் தேடியது. மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. அவளும் என்ன செய்வாள்.

"வாயைக் கட்ட முடியலையாம்மா உன்னால? அந்தப் பொங்கல நீதான் சாப்டியா?"

என் மனைவி அவளையே பார்த்தாள். உதடு இடப்பக்கமாக இழுத்தது. "ஆமா" என்றாள்.

அதுதான் முதல் வார்த்தை. பேச்சு வந்துவிட்டது என்று நர்ஸ் சந்தோஷப்பட்டார். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் வெளியே போய்க் குழாயடியில் நின்றேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்: அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள், இனி யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள் என்ற நிம்மதி. அவளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும், எதைக் கேட்டாலும் அதுதான் வரும் என்பது மறுநாள்தான் எல்லோருக்கும் தெரிந்தது. மகள்கூட அதைப் புரிந்துகொண்டாள். ஆனால் அந்த முதல் ஆமா மட்டும் அவளுக்கு உண்மையான ஆமாவாகவே நின்றுவிட்டது.

வீட்டுக்கு அழைத்து வந்தபின் நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன. விடிந்ததும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். இப்போது மெஷின் பீரோவில் இல்லை, சாமி மாடத்தில் இருக்கிறது. இன்சுலின், பல் தேய்த்துவிடுவது, துடைப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி. சாப்பாட்டுக்கு முன் மறுபடி குத்த வேண்டும். ஒவ்வொரு தடவை விரலைப் பிடிக்கும்போதும், அன்று ஒரு தடவை இதைச் செய்திருந்தால் என்று தோன்றும். அப்புறம் அதுவும் தோன்றாமல் போனது. இடுப்பு வலிதான் பெரிதாகத் தெரிந்தது. பௌர்ணமி வரும், ஜனங்கள் மலை சுற்றுவார்கள், தெருக்கோடியில் ஒலிபெருக்கி அலறும். எனக்கு அது அவள் துணியை வெளியே காயப்போட முடியாத நாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமைதோறும் மகள் வருவாள். வரும்போதெல்லாம் பிரிஜ்ஜைத் திறந்து பார்ப்பாள். சர்க்கரை டப்பாவை மேல் அலமாரியில் ஏற்றி வைப்பாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி கொஞ்சலாகவும் பாதி கண்டிப்பாகவும், "இனிமே திருட்டுத்தனமா ஸ்வீட் சாப்பிடுவியா?" என்று கேட்பாள். இவள் "ஆமா" என்பாள். மகள் சிரிப்பாள். நான் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

வாரத்தில் ஒருநாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் அவளை அழைத்துப் போவேன். பஸ்ஸில் பழைய சிநேகிதர்கள் முன் சீட்டை ஒழித்துத் தருவார்கள். அந்தப் பெண் டம்ளரைக் காட்டி, "இது செருப்பாம்மா?" என்பாள். ஆமா. சீப்பைக் காட்டி, "இது பசுமாடா?" ஆமா. சலிக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்குத்தான் சலித்துவிடும்.

"ஒரே ஒரு 'இல்ல' வந்துட்டா போதுங்கய்யா" என்பாள் என்னிடம். "அப்புறம் அவங்களுக்கு என்னா வேணும், என்னா வேணாம்னு நாம தெரிஞ்சுக்கலாம். மத்ததெல்லாம் மெதுவா வரட்டும்."

ஐந்தாம் மாதம், மூளை டாக்டரிடம் காட்டப் போனபோது, அவளை வெளியே நர்ஸிடம் விட்டுவிட்டு உள்ளே நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கேட்கச் சொன்னார் என்று ஆரம்பித்தேன். வீட்டில் சுகர்க்காரருக்கு இழுத்துக்கொண்டபோது, சுகர் இறங்கிவிட்டது என்று நினைத்து நாலு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டார். அதனால்தான் மூளை கெட்டுப்போனதா?

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"சுகர் எறங்கினாலும் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதனால அவர் நெனச்சதுல தப்பில்ல. மூளையில அடி விழுந்தா உடம்பு தானாவே சக்கரைய ஏத்தும். நாலு ஸ்பூன் கொஞ்சம் ஏத்தியிருக்கும். எதனால எவ்ளோ கெட்டுச்சுன்னு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. விழுங்க முடியாத ஆளுக்கு வாயில ஊத்தினது ஆபத்து. அப்புறம், உக்காந்து பார்த்துட்டிருந்தாரு இல்ல, அந்த நேரம் பெரிய நஷ்டம்." சீட்டைக் கிழித்து நீட்டினார். "அவர் வீட்ல மெஷின் இல்லயா?"

"இருந்துச்சுங்க."

அப்போதுதான் தலையைத் தூக்கினார். என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். விடுதலையும் இல்லாமல் தண்டனையும் இல்லாமல் வெளியே வந்து அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கினேன். பஸ் நிலையம்வரை என்னால் எதுவும் பேச முடியவில்லை. அவளாலும் முடியாது என்பதால் அது யாருக்கும் தெரியவில்லை.

ஆறாம் மாதப் பௌர்ணமி சனிக்கிழமையில் வந்தது. மகள் வீட்டில் இருந்தாள். ஆட்டோக்காரர் மனைவி வழக்கம்போல் அன்னதானப் பொங்கலைத் தொன்னையில் கொண்டுவந்து, யோசனையில்லாமல் வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள். நெய் வாசனை கூடம்வரை வந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த என் மனைவி தொன்னையைப் பார்த்தாள். மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"பாக்கறதப் பாரு. இதாலதானம்மா இப்படிக் கெடக்குற? அன்னிக்கு மட்டும் இதச் சாப்பிடாம இருந்திருந்தா இந்நேரம் நடந்துக்கிட்டு இருப்ப. ஒரு நாள் வாயக் கட்டியிருக்கக் கூடாதா?"

"ஆமா" என்றாள்.

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இடது கண், வலது கண் இரண்டிலும். துடைக்கக் கை எழவில்லையோ, எழுப்பத் தோன்றவில்லையோ, அப்படியே விட்டாள். நான் இன்சுலின் ஊசியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். ஆறு மாதமாகக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன வார்த்தைதான். ஆனாலும் அன்று என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. வீரம் ஒன்றுமில்லை, மறைத்து மறைத்து அலுத்துப்போயிருந்தேன்.

"அந்தப் பொங்கல நான்தாம்மா தின்னேன்" என்றேன். "உங்கம்மா அன்னிக்கு விரதம். மயக்கம் வந்தப்போ சுகர் எறங்கிடுச்சுன்னு நெனச்சு, நாலு ஸ்பூன் சக்கரையக் கரைச்சு ஊத்தினேன். வேணாம்னு தள்ளினா. அதட்டிக் குடுத்தேன். முக்கால் மணி நேரம் எழுந்துருவான்னு பார்த்துட்டு உக்காந்திருந்தேன். டாக்டர்கிட்ட ஒண்ணும் குடுக்கலன்னு பொய் சொன்னேன். உன்கிட்டயும்தான்."

மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை. பிறகு அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும் என்பதையே மறந்துவிட்டு, சின்னப் பிள்ளையைப் போல் கேட்டாள்.

"அப்பா சொல்றது நெஜமாம்மா? அப்பாதான் உனக்கு சக்கரத் தண்ணி குடுத்தாரா?"

என் மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த ஆமாவுக்காகக் காத்திருந்தேன். அவள் வாய் திறந்து மூடியது, மறுபடி திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. நாக்கு மேலண்ணத்தைத் தேடுவது தெரிந்தது.

"இல்ல" என்றாள்.

மகள் துள்ளி எழுந்தாள். "இல்லன்னு சொல்லிட்டாங்கப்பா! அம்மா இல்லன்னு சொல்லிட்டாங்க!" அழுகையும் சிரிப்புமாக அவள் கன்னத்தைப் பிடித்து மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு பயிற்சிக்காரப் பெண்ணுக்கு உடனே சொல்ல வேண்டுமென்று போனை எடுத்துக்கொண்டு, ஒலிபெருக்கிச் சத்தம் கேட்காத கொல்லைப் பக்கத்துக்கு ஓடினாள். எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

நான் கட்டிலருகில் உட்கார்ந்தேன். ஊசி இன்னும் என் கையில்தான் இருந்தது. அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். கொல்லையில் மகளின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகக் கேட்டேன்.

"நான்தானே குடுத்தேன்?"

என்னை நன்றாகப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.